இதுவும் ஒரு படிப்பா?

(ஜமுனாமரத்தூரில், கல்லூரி செல்லும் மலைவாழ் மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நடந்த ஒருநாள் வகுப்பில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)

தோழர்களே! தாய்மார்களே! மாணவ மாணவியரே!

புதூர்நாட்டிலிருந்தும் நெல்லிவாசலிலிருந்தும் கோவிலூரிலிருந்தும் காலையிலேயே புறப்பட்டு வந்திருக்கிறீர்கள். சாமைக் கொல்லையில் வேலை இருக்கிற சமயத்தில் வந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு நீளமானது. “பல்கலைக் கழகத்தில் பாலினம், பாலியல், சமூக ஏற்றத்தாழ்வு ஆகியவற்றைப் படிப்பது” என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான். ஆண் ஏன் மேலே, பெண் ஏன் கீழே? ஒரு ஜாதி ஏன் மேலே, மலைவாசி ஏன் கீழே? யார் யாரோடு வாழலாம் என்று தீர்மானிப்பது யார்? இவற்றைக் கேட்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அதற்கு நம் பெண் போகலாமா, கூடாதா?

இது சும்மா எழுந்த கேள்வி அல்ல. இந்த மலையில் பி.ஏ. முடித்த பெண் ஒருத்தி, மகளிரியலில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்கிறாள். தகப்பனார், “அதைப் படித்தால் சோறு கிடைக்குமா?” என்று கேட்கிறார். தாய்மாமன், “ஆண் பெண் சமாசாரம் ஒரு படிப்பா? வெளியே சொல்லவே கூசுகிறதே” என்கிறார். நம்முடைய தோழர் ஒருவரே, “கூலிப் பிரச்னையும் நிலப் பிரச்னையும் இருக்கும்போது இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு” என்கிறார். மூவரும் அவளுடைய நன்மையை நாடுகிறவர்கள்தான். மூவருக்கும் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பேராசிரியர் பேசுவது போல எனக்குப் பேச வராது. எனக்குத் தெரிந்த விவரங்களை உங்கள் முன்னே வைக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

மேல்நாட்டுச் சரக்கா?

தோழரின் ஆட்சேபணையை முதலில் எடுத்துக்கொள்வோம்.

1916ஆம் வருஷம் மே மாதம் 9ஆம் தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் மானிடவியல் வகுப்பு. 25 வயது இந்திய வாலிபர் ஒருவர் அங்கே ஒரு கட்டுரையை வாசிக்கிறார். இந்தியாவில் ஜாதி எப்படி உண்டாயிற்று, எப்படி நீடிக்கிறது என்பது பொருள். அந்த வாலிபர் அம்பேத்கர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தண்ணீரைத் தொடக் கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஜாதியில் பிறந்தவர்.

அவர் கண்டு சொன்னது என்ன? ஜாதி உயிரோடு இருப்பது அகமணத்தால். அதாவது ஜாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால். அந்த வேலியைக் காக்க வேண்டுமானால் பெண்ணைக் கட்டிப்போட வேண்டும். உடன்கட்டை, விதவைக் கோலம், சிறுமி விவாகம் ஆகிய வழக்கங்கள் அதற்காகவே வந்தன என்று அவர் எடுத்துக் காட்டினார். ஜாதியை ஆராயப் போனவர் பெண்ணடிமையில் வந்து நின்றார். இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு புரி என்று 100 வருஷங்களுக்கு முன்பே ஓர் இந்திய மாணவர் சொல்லிவிட்டார். இதை மேல்நாட்டுச் சரக்கு என்று எப்படித் தள்ள முடியும்? கட்டடம் நியூயார்க்கில் இருந்தது. கேள்வி நம் சேரியிலிருந்து போயிற்று.

அடுத்த விவரம். 1971இல் இந்திய சர்க்கார் பெண்களின் நிலையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. பூல்ரேணு குஹா தலைவர். வீணா மஜும்தார் உறுப்பினர்-செயலாளர். “சமத்துவத்தை நோக்கி” என்ற அந்தக் குழுவின் அறிக்கை 1974இல் வந்தது. சுதந்திரம் வந்தாயிற்று, சட்டத்தில் சமத்துவம் எழுதியாயிற்று, இனிப் பெண்கள் நிலை படிப்படியாக உயரும் என்று படித்தவர்கள் நம்பியிருந்த காலம் அது. குழு கணக்கெடுத்துப் பார்த்தது. 1901இல் 1000 ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில், 1971இல் 930 பெண்களே இருந்தார்கள். உயரவில்லை, சரிந்திருந்தது. மற்ற பெண்கள் எங்கே போனார்கள்? பிறந்தும் பிழைக்காமல் போனார்கள். சோற்றிலும் மருந்திலும் கடைசிப் பங்கு வாங்கிச் செத்துப் போனார்கள். அந்தக் காலத்தில்தான் நம் பல்கலைக் கழகங்கள் கண் விழித்தன. 1974இல் பம்பாயில் எஸ்.என்.டி.டி. மாதர் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கியது. 1981இல் அதே பம்பாயில் முதல் தேசிய மகளிரியல் மாநாடு கூடியது. 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக் கழகம் ஏற்பட்டது. 1986 முதல் பல்கலைக் கழக மானியக் குழு மகளிரியல் மையங்களுக்குப் பணம் கொடுக்கலாயிற்று. செத்துப்போன பெண்களின் கணக்கிலிருந்து பிறந்த படிப்பு இது.

சரி, மேல்நாட்டையும் பார்ப்போம். 1921இல் ரஷ்யாவில் உள்நாட்டு யுத்தம் ஓய்ந்த நேரம். ரொட்டிக்குப் பஞ்சம். அந்த வசந்த காலத்தில் ஸ்வெர்த்லோவ் பல்கலைக் கழகத்தில் அலெக்சாந்திரா கொலந்தாய் 14 சொற்பொழிவுகள் செய்தார். கேட்டவர்கள் தொழிலாளிப் பெண்களும் விவசாயிப் பெண்களும். பொருளாதாரம் மாறுகிற போதெல்லாம் பெண்ணின் வேலையும் நிலையும் எப்படி மாறி வந்தன என்பதே பாடம். ஏங்கெல்ஸ் குடும்பம், தனிச்சொத்து, அரசு மூன்றையும் சேர்த்து ஆராய்ந்து புத்தகம் எழுதியது 1884இல். ஆகவே, “வர்க்கம் இருக்கும்போது இது எதற்கு?” என்று கேட்கும் தோழர், நம்முடைய ஆசான்கள் இந்தக் கேள்வியைத் தள்ளி வைக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் மலையில் பேதம் இல்லையா?

இன்னொரு பேச்சும் உண்டு. “அதெல்லாம் கீழ்நாட்டுக் கதை. நம் மலையில் பெண்ணுக்குத்தான் பரியம் கொடுக்கிறோம். வரதட்சிணை கிடையாது. புருஷன் செத்தால் மறு கலியாணம் உண்டு. பெண்ணும் ஆணும் சேர்ந்தே கொல்லைக்குப் போகிறோம்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. இந்த வழக்கங்களுக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் முழு உண்மையும் இதில் இல்லை.

சென்சஸ் கணக்கைப் பாருங்கள். 2011இல் தமிழ்நாட்டில் 7 லட்சத்து 94 ஆயிரத்துக்கு மேல் பழங்குடி ஜனங்கள். அதில் 3 லட்சத்து 57 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மலையாளிகள், அதாவது நம் ஜனங்கள். அதே வருஷம் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 73 பேர். பழங்குடிப் பெண்களில் 100க்கு 47 பேர்கூட இல்லை. பழங்குடி ஆண்களில் 61 பேருக்கு மேல். கீழ்நாட்டுக்கும் மலைக்கும் ஒரு பள்ளம். மலைக்குள்ளேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் இன்னொரு பள்ளம். நம் பெண் இரண்டு பள்ளத்தையும் தாண்ட வேண்டியிருக்கிறது.

நிலத்துக்கு வருவோம். கீழ்நாட்டில் இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்குத் தகப்பன் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989இல் வந்த திருத்தம் அதற்கு வழி செய்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. நம் பெண்ணுக்கு? 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மத்திய சர்க்கார் தனியே அறிவித்தாலன்றி இந்தச் சட்டம் பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்கிறது. நம் வழக்கத்தைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அந்த வழக்கத்தில் மகளுக்குப் பங்கு இல்லாவிட்டால் அவள் யாரிடம் போவாள்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பழங்குடிப் பெண்ணுக்கும் சமபங்கு கிடைக்கச் சட்டத்தைத் திருத்துவது பற்றி மத்திய சர்க்கார் ஆலோசிக்க வேண்டும் என்று சொல்லிற்று. 2025 ஜூலையில் ஒரு கோண்டு இனப் பெண்ணின் வாரிசுகள் நடத்திய வழக்கில், பெண் என்ற காரணத்துக்காகப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது.

2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடதுசாரிகளும் பழங்குடி ஸ்தாபனங்களும் போராடிப் பெற்ற சட்டம். மணமானவர்களுக்குப் பட்டா கொடுத்தால் புருஷன், மனைவி இருவர் பெயரிலும் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கிராம வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எழுத்தில் இருப்பது நடைமுறையில் இருக்கிறதா? எந்தப் பட்டாவில் மனைவி பெயர் ஏறியிருக்கிறது, எந்தக் குழுவில் பெண் வாய் திறந்து பேசுகிறாள், எந்தக் குழுவில் கைநாட்டு மட்டும் வைக்கிறாள் என்று கிராமம் கிராமமாகப் போய்ப் பார்க்க வேண்டாமா? கணக்கெடுக்கும் முறை தெரிந்து, சட்டமும் தெரிந்து, நம் பேச்சும் தெரிந்து, அடுப்படி வரை போய் உட்கார்ந்து கேட்கக் கூடியவள் யார்? நம் வீட்டுப் பெண்தான். அவள் படிக்க விரும்புகிற படிப்பு இந்த வேலையைத்தான் கற்றுக் கொடுக்கிறது.

எண்ணப்படாத வேலை

இந்தப் படிப்பால் என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

வீட்டில் பெண் செய்வது வேலை அல்ல என்று உலகம் நினைத்தது. “உன் மனைவி என்ன செய்கிறாள்?” என்றால், “சும்மா இருக்கிறாள்” என்று நாம் சொன்னோம். தண்ணீர் எடுத்தவள், விறகு பொறுக்கியவள், சாமை குத்தியவள், பிள்ளை வளர்த்தவள் சும்மா இருந்தாளாம்! இதை அறிஞர்கள் மறுத்தார்கள். வேலையை நேரத்தால் அளக்கச் சொன்னார்கள். கடைசியில் சர்க்காரே அளந்தது. 2024இல் நடந்த நேரப் பயன்பாட்டுச் சர்வேயில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிஷம் அதில் செலவிடுகிறாள் என்று தெரிந்தது. அதில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிஷம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், தினந்தோறும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. முதலாளி கொடுக்கும் கூலி குறைவாக இருந்தும் தொழிலாளி மறுநாள் வேலைக்குப் போக முடிகிறதென்றால், இந்த ஐந்து மணி நேரத்தை ஒருத்தி இலவசமாகக் கொடுக்கிறாள் என்று அர்த்தம். இது வர்க்கப் பிரச்னை இல்லையா? தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு “உதவி” என்று பெயர் வைக்கவில்லை. “உரிமைத் தொகை” என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல் வந்ததற்குப் பின்னால் மாதர் ஸ்தாபனங்களின் போராட்டமும் இருக்கிறது, இந்தப் படிப்பும் இருக்கிறது.

நம் மலையின் கணக்கையும் பாருங்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த ஜவ்வாது மலையிலிருந்தும் தருமபுரி மாவட்டத்து மலைகளிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள் அவர்களில் பலர். இருபது உடல்களைப் பத்திரிகைகள் எண்ணின. செத்தவனின் வீட்டில் கடன் யார் தலையில் விழுந்தது? கைக்குழந்தையோடு நின்றவள் பிறகு எந்த ஊருக்கு எந்தக் கூலிக்குப் போனாள்? எந்தப் பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள்? செம்மரக் கடத்தலில் லாபம் அடித்த பெரிய முதலைகளின் கணக்கோடு இந்தக் கணக்கும் எழுதப்பட வேண்டும்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைக் கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட, தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலை ஏறி நடந்தாள். சாலை என்பது பொதுமராமத்துப் பிரச்னை என்று நினைக்கிறோம். அந்தச் சாலை இல்லாமையை யார் உடம்பு சுமக்கிறது? பிரசவ வேதனையில் டோலியில் கிடப்பவள் யார்? இப்படிப் பார்க்கக் கற்றுக் கொடுப்பதுதான் இந்தப் படிப்பு.

கூச்சம் யாருக்கு லாபம்?

இனி மாமனார் ஸ்தானத்தில் இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்கிறேன். ஆண் பெண் சமாசாரத்தைப் பேசக் கூசுகிறது என்கிறீர்கள். அந்தக் கூச்சத்தால் லாபம் அடைந்தது யார் என்று யோசியுங்கள்.

வாச்சாத்தி நமக்குத் தூரம் இல்லை. சித்தேரி மலையடிவாரம், அங்கே இருப்பவர்களும் நம் மலையாளி ஜனங்கள். 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் ஜெயிலில் அடைத்தார்கள். செய்தவர்கள் என்ன கணக்குப் போட்டார்கள்? மலைவாசிப் பெண் இதை வெளியே சொல்ல மாட்டாள், கூசுவாள், சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைத் தப்பாக்கியவர்கள் அந்தப் பெண்களே. அவர்கள் பேசினார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் கூட நின்றன. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 19 வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இடையில் இறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட்டு. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது.

அந்தத் தாய்மார்கள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு பேசவில்லை. இன்று படித்தவர்கள் அவர்களிடமிருந்து கற்கிறார்கள். அதிகாரம் உள்ளவன் ஒரு ஜனத்தை அடக்க நினைக்கும்போது ஏன் அந்த ஜனத்தின் பெண்கள்மேல் கை வைக்கிறான்? இதற்குப் பதில் தேடுவதுதான் பாலியலையும் சமூக ஏற்றத்தாழ்வையும் சேர்த்துப் படிப்பது. இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது?

அதே 1992இல் ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் பன்வாரி தேவி என்ற குயவர் குலத்துப் பெண், சிறுமி கலியாணத்தைத் தடுக்க முயன்றார். அந்தக் குற்றத்துக்காக மேல்ஜாதிக்காரர்களால் கூட்டாகப் பலாத்காரம் செய்யப்பட்டார். அந்த வழக்கை ஒட்டி மாதர் ஸ்தாபனங்கள் போட்ட மனுவில்தான் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது; 2013இல் சட்டம் வந்தது. இன்று உங்கள் பெண் படிக்கும் கல்லூரியில் பாலியல் தொல்லை பற்றிப் புகார் வாங்க ஒரு குழு இருந்தாக வேண்டும். பெண்களே! கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்துப் பெண் தன் வாழ்க்கையைக் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அது.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். ஆண், பெண் என்ற இரண்டு அச்சில் அடங்காத மனிதர்கள் எல்லா ஊரிலும் பிறக்கிறார்கள். திருநங்கைகளும் திருநம்பிகளும் உண்டு. தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்களும் உண்டு. அவர்களை அடித்தோம், மந்திரித்தோம், ஊரைவிட்டு விரட்டினோம். 2014இல் உச்ச நீதிமன்றம் திருநர்களின் உரிமையை ஒப்புக்கொண்டது. 2018 செப்டம்பர் 6இல், வயது வந்தவர்கள் மனமொப்பி ஒருபால் உறவு கொள்வது குற்றம் அல்ல என்றது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மதுரையிலிருந்து வந்த இரண்டு இளம் பெண்கள், சேர்ந்து வாழ விடாமல் பெற்றோர் துன்புறுத்துகிறார்கள் என்று பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார்? இந்த விஷயத்தில் தனக்கே தெளிவு வேண்டும் என்று மனநல நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதற்குப் பிறகு தீர்ப்பு எழுதினார். “குணப்படுத்துகிறோம்” என்று சொல்லி அவர்களைச் சித்திரவதை செய்யக் கூடாது, போலீசுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், பாடப் புத்தகத்தைத் திருத்த வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டார். அவர்களை இழிவில்லாமல் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலை சர்க்கார் 2022இல் கெஜட்டில் வெளியிட்டது. உயர் நீதிமன்ற நீதிபதியே படிக்க வேண்டியிருந்தது என்றால் நாம் படிக்கக் கூடாதா?

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கிரேஸ் பானு என்ற திருநங்கை வந்தார். தாழ்த்தப்பட்ட ஜாதியில் பிறந்தவர். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை அவர். ஜாதிக் கொடுமையும் பாலினக் கொடுமையும் ஒரே உடம்பில் விழுகின்றன, ஆகவே இட ஒதுக்கீட்டிலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் போராடி வருகிறார். பாலினமும் ஏற்றத்தாழ்வும் தனித்தனிப் பாடம் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

சோறு போடுமா?

தகப்பனாரின் கேள்விதான் பெரிய கேள்வி. கடன் வாங்கிப் படிக்க வைப்பவருக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. ஆகவே மழுப்பாமல் சொல்கிறேன்.

இந்தப் படிப்புக்கென்றே காத்திருக்கும் உத்தியோகங்கள் அதிகம் இல்லை. கல்லூரி ஆசிரியர் ஆக மானியக் குழுவின் தகுதித் தேர்வில் மகளிரியல் ஒரு பாடமாக இருக்கிறது. ஆனால் நிரந்தர இடங்களைப் போராடித்தான் பெற வேண்டியிருக்கிறது. சமூக நலத்துறை, குழந்தைப் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான உதவி மையங்கள் போன்ற இடங்களில் இந்தப் படிப்பு பயன்படும். எந்தப் பட்டமும் போதும் என்ற சர்க்கார் பரீட்சைகளையும் இதைப் படித்தவர் எழுதலாம். ஆகவே வகுப்போடு சேர்த்துப் பரீட்சைக்கும் தயார் செய்ய வேண்டும். பி.எட். அல்லது சட்டம் சேர்த்துப் படிப்பதும் நல்லது.

மலைப் பெண்ணால் முடியுமா என்ற சந்தேகத்துக்கு இந்த மலையே பதில் சொல்லிவிட்டது. ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி சட்டம் படித்தார். 2023 நவம்பரில், குழந்தை பிறந்து ஓரிரு நாட்களில், பச்சை உடம்போடு சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். 2024 பிப்ரவரியில், 23 வயதில், சிவில் நீதிபதியாகத் தேர்வானார். கணவரும் தாயும் கூட நின்றார்கள். குடும்பம் துணை நின்றால் நடக்கும். குடும்பம் வழி மறித்தால் அதே பெண் அடுப்படியில் இருந்திருப்பார். நீதிபதி நாற்காலியில் நம் பெண் உட்கார வேண்டும். அவள் முன்னால் வரும் வழக்கின் வேரை ஆராய்ந்து எழுதவும் நம் பெண் ஒருத்தி வேண்டும்.

ஆனால் இந்தப் படிப்பு நிலைத்திருக்கும் என்று நம்பிச் சும்மா இருக்க முடியாது. மகளிரியல் மையங்கள் ஐந்தாண்டுத் திட்டப் பணத்தில் நடந்தவை. 2017இல் 12ஆவது திட்டம் முடிந்ததிலிருந்து, பணம் வருமா வராதா என்று அவை தவிக்கின்றன. ஹங்கேரி தேசத்தில் 2018இல் ஆர்பன் சர்க்கார் பாலினப் படிப்பின் மேல்பட்டத்துக்கு இருந்த அங்கீகாரத்தையே ரத்து செய்தது. கேள்வி கேட்கும் படிப்பு ஆட்சியாளர்களுக்குக் கசக்கிறது. ஒன்றுக்கும் உதவாத படிப்பாக இருந்தால் ஏன் அதை மூட இத்தனை அவசரம்?

எப்படிப் படிப்பது?

மாணவியருக்கும் மாணவருக்கும் சில வார்த்தைகள். மாணவருக்கும் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். ஆண்பிள்ளைகளும் படிக்க வேண்டிய பாடம் இது.

முதலாவது, புத்தகத்துக்குப் பயப்படாதீர்கள். பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். வாக்கியம் ஒரு பக்கத்துக்கு நீளும். அகராதியை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் படியுங்கள். படித்ததை நம் பேச்சில் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல முடியவில்லை என்றால் உங்களுக்கும் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, உங்கள் ஊரை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எட்டாம் வகுப்போடு நின்ற பெண்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள்? 18 வயதுக்கு முன் கலியாணம் ஆனவர்கள் எத்தனை பேர்? பட்டா யார் பெயரில்? புளியும் தேனும் விற்ற பணம் யார் கையில்? தண்ணீருக்கு எத்தனை நடை? கிராம சபையில் பேசிய பெண்கள் எத்தனை பேர்? இது உங்களால் மட்டுமே எழுதக் கூடிய புத்தகம்.

மூன்றாவது, நம்மைப் பற்றி எழுத வெளியூரிலிருந்து பலர் வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள், பட்டம் வாங்கினார்கள். எழுதியதை நம்மிடம் வந்து படித்துக் காட்டியவர்கள் சிலரே. நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. ஒரு பெண் தன் துக்கத்தை உங்களிடம் சொன்னால் அது அவளுடையது. அவள் சம்மதம் இல்லாமல் பெயரை எழுதக் கூடாது. எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவள் “வேண்டாம்” என்றால் கிழித்துப் போட வேண்டும்.

நான்காவது, படித்துவிட்டு ஊர் ஜனங்களைப் பார்த்து, “இவர்கள் மூடர்கள்” என்று நினைத்துவிடாதீர்கள். பரியம், மறுமணம் போன்ற வழக்கங்களில் நல்லது எது, கெட்டது எது என்று பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிப் பிரித்தெடுங்கள்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! இப்போது நம்முன் இருக்கும் காரியங்கள் இவை. ஜாதிச் சான்றிதழ் ஆர்.டி.ஓ. கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தால் கல்லூரி இடம் போய்விடும். பத்தாம் வகுப்பிலேயே மனு போடுங்கள். தாமதம் ஆனால் சங்கத்திடம் வாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம். சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்க 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்துக்கு விண்ணப்பிக்காமல் விட்டவர்கள், வகுப்பு முடிந்ததும் பெயர் கொடுங்கள். மாணவியர் விடுதியில் இடம், கடைசி பஸ் நேரம், மலைமேல் ஒரு நூல்நிலையம் ஆகிய மூன்று கோரிக்கைகளையும் எழுதிய மனு மேஜைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரி என்று தோன்றினால் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்களும் முதலில் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வையுங்கள்.

பெண்ணை எந்தப் படிப்புக்கு அனுப்புவது என்பது குடும்பம் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அந்தக் குடும்பத்தில் அவளும் ஒரு ஆள். அவளுடைய வாக்கையும் சேர்த்து எண்ணுங்கள் என்று கேட்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.